சின்னாறு பாலைவனமா? மழைநிழல் காட்டைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

கொழிஞ்சாம்பாறையில் இருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "மூணாறிலிருந்து உடுமலைக்கு பஸ்ஸில் வந்தேன். மறையூர் தாண்டியதும் பச்சையெல்லாம் போய் முள்ளும் கள்ளியும் பாறையுமாக ஆகிவிட்டது. கேரளாவுக்குள் ஒரு பாலைவனம் உருவாகிக்கொண்டிருக்கிறதா? மரத்தை வெட்டியதால் வந்த வினையா? அங்கே இருக்கும் செடிகளும் விலங்குகளும் தண்ணீருக்கு என்ன செய்கின்றன? நாங்கள் நண்பர்கள் சேர்ந்து மரக்கன்று நட்டால் அந்த இடத்தை மாற்ற முடியுமா?"

தம்பி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்தது கேரள எல்லைக்குள் இருக்கும் சின்னாறு வனவிலங்கு சரணாலயம். அது பாலைவனம் இல்லை. யாரோ வெட்டி அழித்ததால் அப்படி ஆனதும் இல்லை. மழை குறைவாக இருப்பதுதான் அந்தக் காட்டின் இயல்பு. அந்தக் குறைந்த மழைக்கு ஏற்றபடி நெடுங்காலமாகப் பழகிய செடிகளும் உயிர்களும்தான் அங்கே இருக்கின்றன. மரக்கன்று நடும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மறையூர்ப் பக்கம் வளர்ந்து, தாவரவியல் சொல்லிக்கொடுத்தே வேலையை முடித்தவன் நான். இந்தக் காட்டைப் பார்த்து "ஐயோ, காய்ந்து போச்சே" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

பாலைவனம் எது என்பதைப் பார்த்துவிடலாம். அதற்கு மணல்மேடு அவசியமே இல்லை. உலகப் பாலைவனங்களில் மணல் மூடிக் கிடப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மீதி பாறை, சரளை, உப்புத்தரை, பனி. பனியும்தான்: பொழியும் நீரின் கணக்கில் பார்த்தால் அண்டார்டிகாதான் உலகின் மிகப் பெரிய பாலைவனம். வருடத்துக்கு 250 மி.மீ.க்குக் கீழே மழை பெறும் நிலம் பாலைவனம் என்பது பழைய, எளிய கணக்கு. ஆனால் அதே 250 மி.மீ. குளிர்நாட்டில் புல்வெளியை வளர்க்கும். வெயில் நாட்டில் மண்ணுக்குள் இறங்குவதற்கு முன்பே ஆவியாகிவிடும். அதனால் இப்போது வேறு மாதிரி கணக்கிடுகிறார்கள். ஓர் இடத்தில் பெய்யும் மழையை, அந்த ஊர் வெயிலும் காற்றும் நிலத்திலிருந்தும் செடியிலிருந்தும் எவ்வளவு நீரை உறிஞ்சிவிட முடியுமோ அந்த அளவால் வகுக்கிறார்கள். விடை 0.05க்குக் கீழே வந்தால் கடும் பாலை. 0.05 முதல் 0.20 வரை பாலை. 0.20 முதல் 0.50 வரை அரை வறட்சி நிலம்.

சின்னாற்றில் ஆண்டு மழை சுமார் 500 மி.மீ. அதுவும் ஐம்பது நாளுக்குள் பெய்து முடிந்துவிடும். பக்கத்துக் கொங்குச் சமவெளியில் வெயிலும் காற்றும் உறிஞ்சக்கூடிய அளவு வருடத்துக்கு 1500 மி.மீ. அளவில் இருக்கும். வகுத்துப் பாருங்கள், 0.33 வருகிறது. அதாவது அரை வறட்சி நிலம். ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் மழை 200 மி.மீ. ஒட்டியே இருக்கும், வெயிலும் இதைவிடக் கடுமை. அதுதான் அசல் பாலை. சின்னாற்றில் இருப்பதை முட்புதர்க் காடு என்றும், வறண்ட இலையுதிர் காடு என்றும் சொல்வோம்.

சரி, மூணாறில் 3000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிற மழை, சாலை வழியாக அறுபது கிலோமீட்டர் வந்ததும் 500 ஆகிவிடுகிறதே, அது எப்படி? தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. எதிரே மலை. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி, 2695 மீட்டர், அங்கேதான் நிற்கிறது. காற்று மேலேறித்தான் ஆக வேண்டும். ஏறும் காற்று விரியும், விரிந்தால் குளிரும். ஈரம் திரளாதவரை 100 மீட்டருக்கு ஒரு டிகிரி குளிர்கிறது. மேகம் திரள ஆரம்பித்ததும், நீராவி நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம் உள்ளேயே சேர்வதால், 100 மீட்டருக்கு அரை டிகிரி அளவுதான் குளிர்கிறது. மழை எல்லாம் மேற்குச் சரிவிலேயே விழுந்துவிடும். அப்புறம் அந்தக் காற்று கிழக்கே இறங்குகிறது. இப்போது அதில் ஈரம் இல்லை, அதனால் 100 மீட்டருக்கு ஒரு முழு டிகிரி சூடாகிறது.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். கடலோரத்தில் 28 டிகிரியில் கிளம்பிய காற்று 500 மீட்டர் ஏறும்போது 23 டிகிரிக்கு வந்து மேகமாகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000 மீட்டரில் 15.5 டிகிரி. அங்கிருந்து சின்னாறு செக்போஸ்ட் இருக்கும் 450 மீட்டருக்கு இறங்கினால் 31 டிகிரி. மேற்கே இதே உயரத்தில் அந்தக் காற்று 23.5 டிகிரியில் இருந்தது. மலையைத் தாண்டியதிலேயே ஏழு டிகிரிக்கு மேல் சூடு கூடிவிட்டது, ஈரமும் போய்விட்டது. இதைத்தான் மழைநிழல் என்கிறோம். ஆடி மாதத்தில் மூணாறில் மழை விடாமல் பெய்யும்போது, மறையூரில் சாரல் மட்டும் தூவும், சின்னாற்றில் வெறும் காற்று. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வேகமாகச் சுற்றுவதும் அந்த மாதங்களில்தான். கேரளத்தின் மற்ற இடங்களுக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பெரிது. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. அந்த வகையில் சின்னாறு கேரள வரைபடத்தில் இருந்தாலும் வானிலைக்குக் கொங்கு நாட்டைச் சேர்ந்தது.

மழைநிழல் மட்டுமே பாலைவனத்துக்குக் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். நிலநடுக்கோட்டில் எழும் காற்று, வடக்கிலும் தெற்கிலும் 30 டிகிரி அட்சத்தை ஒட்டிக் கீழே இறங்குகிறது. சகாராவும் அரேபியப் பாலையும் அதனால் வந்தவை. சிலியின் அட்டகாமாவும் ஆப்பிரிக்காவின் நமீபும் கடலோரத்திலேயே இருந்தும் வறண்டவை, காரணம் அங்கே ஓடும் குளிர் நீரோட்டங்கள். கோபி போன்றவை கடலிலிருந்து வெகுதூரம், நடுவில் இமயமும் திபெத்தும். சின்னாற்றுக்கு உறவு முறையில் நெருங்கியது இந்தக் கடைசி வகை, அளவில்தான் மிகச் சிறியது.

உங்கள் ஊரும் இதே குடும்பம்தான் தம்பி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று தாராளமாக வருகிறதே, கொழிஞ்சாம்பாறையிலும் எருத்தேம்பதியிலும் ஏன் மழை குறைவு என்று பலர் கேட்பார்கள். கணவாயில் காற்றை மேலே தூக்க மலை இல்லை. தூக்காமல் மேகம் திரளாது. அது நேராக ஓடிப் போய்விடுகிறது. தெற்கே நெல்லியாம்பதியும் ஆனைமலையும் மறைத்து நிற்கின்றன. அதனால்தான் சித்தூர் தாலுகாவின் கிழக்கே கரிசல் மண்ணும் பனைமரமும் பார்க்கிறீர்கள். கேரளத்தில் வேறெங்கும் அப்படி இல்லை. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குத் தர வேண்டும் என்ற ஏற்பாடு சித்தூர்க்காரர்களுக்கு உயிர்நாடியாக இருப்பதற்கும் இந்த மழைநிழல்தான் காரணம்.

இனி செடிகளுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடம் இது.

பஸ்ஸிலிருந்து பார்த்த கள்ளியை நீங்கள் அமெரிக்கப் பாலைவனப் படங்களில் வரும் கள்ளி என்று நினைத்திருப்பீர்கள். சின்னாற்றுப் பாறைகளில் நிற்கும் சதுரக்கள்ளி வேறு குடும்பம். அது ஆமணக்கின் உறவு. அமெரிக்கக் கள்ளிகளுக்கும் அதற்கும் வம்சத் தொடர்பு கிடையாது. தண்டைக் கீறினால் பால் வடிந்தால் நம்முடைய கள்ளி. அமெரிக்கக் கள்ளியில் பொதுவாக நீர்ச்சாறுதான் வரும். அமெரிக்கக் கள்ளியின் முட்கள் சின்னச் சின்ன மெத்தை போன்ற புள்ளிகளிலிருந்து கொத்தாக எழும். நம் சதுரக்கள்ளியில் முள் ஜோடி ஜோடியாக விளிம்பில் இருக்கும். வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு முன்னோர்களிடமிருந்து வந்து, தடித்த பச்சைத் தண்டு, இலையில்லாமை, முள் என்று ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வறட்சி எங்கே போனாலும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் பாலைத் தாவரவியலில் பாதி புரிந்த மாதிரி.

பாடம் என்னவென்றால், செடி மூச்சு விடும் நேரத்தை மாற்றிக்கொள்வது. எந்தச் செடிக்கும் கரியமில வாயு வேண்டும். அதை உள்ளே விட இலைத்துளையைத் திறந்தால், அதே துளை வழியாக நீர் வெளியே போய்விடும். வெயிலில் திறப்பது பெரிய நஷ்டம். கள்ளிகள் பகலெல்லாம் துளையை மூடி வைத்து, இரவில் காற்று குளிர்ந்த பிறகு திறக்கின்றன. இரவில் வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. விடிந்ததும் துளையை மூடிவிட்டு, சேர்த்து வைத்ததை எடுத்து வெயிலில் சர்க்கரை செய்கின்றன. இதனால் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் ஒவ்வொரு துளி நீருக்கும் கிடைக்கும் பலன் பல மடங்கு. நம் வீட்டு வேலியில் படரும் பிரண்டையும், சோற்றுக்கற்றாழையும் இதே முறையைக் கையாளுகின்றன.

இந்த ரகசியத்தின் முதல் தடயம் கிடைத்தது தென்னிந்தியாவில்தான் என்பது பலருக்குத் தெரியாது. தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையை வெவ்வேறு நேரங்களில் மென்று பார்த்தார். காலையில் நன்றாகப் புளித்தது, உச்சிப்பொழுதில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசந்தது. இதைப் பற்றி அவர் எழுதியது 1815இல் அச்சானது. அதன் வேதியியல் முழுதாக விளங்க இருபதாம் நூற்றாண்டு ஆகிவிட்டது. ரணகள்ளி பல வீட்டுத் தொட்டிகளில் இருக்கும். விடிகாலையில் ஓர் இலை, மதியத்தில் ஓர் இலை பறித்து அரைத்து லிட்மஸ் தாளில் வைத்துப் பாருங்கள். உங்கள் கல்லூரிச் சோதனைக்கூடத்திலேயே செய்யலாம்.

எல்லாச் செடிகளும் கள்ளியின் வழியில் போகவில்லை. கிளுவை வேறொரு தந்திரம் வைத்திருக்கிறது. கோடையில் ஒரு இலைகூட இல்லாமல் செத்த மரம் மாதிரி நிற்கும். ஆனால் மலைக்கிளுவையின் காகிதம் போல உரியும் பட்டையை விலக்கினால் உள்ளே பச்சை. இலையை உதிர்த்து நீர் இழப்பைக் குறைத்துக்கொண்டு, பட்டையிலேயே உணவு தயாரிக்கிறது. உடுமலை, தாராபுரம் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கிளுவைக் கொம்பை நட்டு உயிர்வேலி போட்டதற்கு அதன் இந்தப் பிடிவாதம்தான் காரணம். உசிலும் வெள்வேலும் இலையைச் சின்னஞ்சிறு துணுக்குகளாக உடைத்து வைத்திருக்கின்றன. சிறிய இலைமேல் காற்று எளிதாகத் தவழ்ந்து சூட்டை எடுத்துப் போய்விடும். நீரைச் செலவழித்துக் குளிர வேண்டியதில்லை. தலைக்குத் தேய்க்கும் அரப்பு இந்த உசில் இலைப் பொடிதான்.

மறையூர்ச் சந்தனம் இந்த வறட்சியின் பிள்ளை. சந்தனத்தின் வேர் பக்கத்து மரங்களின் வேரைக் கவ்வி அதிலிருந்து நீரையும் சத்தையும் எடுத்துக்கொள்ளும். தனியாக நட்டால் தடுமாறும், துணை வேண்டும். வேலமும் உசிலும் புல்லும் கலந்த காட்டில்தான் அது நன்றாக இருக்கிறது. கேரளத்தில் சந்தனம் இயற்கையாகக் காடாக நிற்பது எங்கள் பக்கம்தான். நல்ல மழைக்காட்டில் இது சாத்தியமில்லை.

அப்புறம், தார்ப் பாலைவனத்துக்கும் நமக்கும் பொதுவான செடிகள் நிறைய. கோயில்களில் தலவிருட்சமாக நாம் சுற்றி வரும் வன்னி, ராஜஸ்தானின் மாநில மரம். 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் அமிர்தா தேவியும் அவரைத் தொடர்ந்து மற்றவர்களுமாக 363 பேர் உயிரைக் கொடுத்துக் காத்தது இந்த வன்னியைத்தான். நெருஞ்சி சகாராவிலும் இருக்கிறது, உங்கள் ஊர் மண் பாதையிலும் இருக்கிறது. நஞ்சுண்டான் மரம் ஆப்பிரிக்கப் பாலை விளிம்பு நாடுகளில் பழ மரம். நம் தரிசுகளில் ஆடு கடிக்கும் முள்மரம். மழைக்காடும் பாலைவனமும் இரு துருவங்கள் என்றால், நடுவில் பெரிய ஒரு வழி இருக்கிறது. சின்னாறு அந்த வழியில் ஒரு நிறுத்தம்.

சப்பாத்திக்கள்ளியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது அசல் அமெரிக்கக் கள்ளி. அதன்மேல் வாழும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்பதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அதைப் பெருக்கினார்கள். 1795இல் கொண்டுவந்த பூச்சியோ சாயத்துக்கு ஏற்றதல்ல, வேறு இனம். சாயம் கிடைக்கவில்லை, அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியைத் தின்று குறைத்தது. இன்னொரு வகைக் கள்ளி தென்னாட்டுத் தரிசுகளை மூடி, ஆடுமாடு நுழைய முடியாதபடி பரவியது. கடைசியில் 1926இல் இலங்கையிலிருந்து அதைத் தின்னும் மற்றொரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள், சில வருடங்களில் கள்ளிக்காடு அடங்கியது. உலகில் களையைப் பூச்சியால் அடக்கிய முதல் சம்பவங்களில் ஒன்றாக இன்றும் இதைப் பாடத்தில் சொல்கிறோம்.

விலங்குகளுக்கு வருவோம். ஒட்டகத்தைப் பற்றி ஒரு வார்த்தை: திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் அல்ல. தண்ணீர் கிடைக்காத நாட்களில் அது தன் உடல் வெப்பத்தை விடிகாலையில் 34 டிகிரி வரை இறங்கவும் மாலையில் 40ஐத் தாண்டவும் விட்டுவிடுகிறது. வியர்த்துக் குளிர வேண்டிய நீர் மிச்சம். உடல் எடையில் கால் பங்கை நீராக இழந்தாலும் தாங்கும். மனிதனுக்கு அதில் பாதி போனாலே உயிருக்கு ஆபத்து.

சின்னாற்றில் ஒட்டகம் இல்லை. இங்கே நாயகர்கள் சின்ன உருவங்கள். வீட்டுப் பல்லியின் எச்சத்தில் ஒரு முனை வெள்ளையாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். நாம் உடல் கழிவை யூரியாவாக்கி நிறையத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பல்லி, ஓணான், பாம்பு, பறவை எல்லாம் அதை யூரிக் அமிலமாக்கி, ஏறக்குறைய உலர்ந்த பசையாக வெளியே தள்ளுகின்றன. வறண்ட நிலத்தில் ஊர்வன கொடிகட்டிப் பறப்பதற்கு இது ஒன்றே பெரிய காரணம். சோறு தின்று உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் செலவும் அவற்றுக்கு இல்லை, அதனால் இரையும் குறைவாகப் போதும்.

கட்டாமை என்று நாம் சொல்லும் நட்சத்திர ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். குஜராத், ராஜஸ்தான், சிந்து ஒரு பக்கம், தென்னிந்தியாவும் இலங்கையும் மறுபக்கம் என்று வறண்ட நிலங்களாகப் பார்த்து வாழ்கிறது. ஓட்டில் இருக்கும் மஞ்சள் கோடுகள் கையில் எடுத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். காய்ந்த புல்லுக்குள் வைத்துவிட்டால் நிழலும் வெளிச்சமுமாகக் கரைந்துவிடும். கோடையில் புதருக்கடியில் அசையாமல் கிடக்கும். மழை பெய்ததும் நடமாட்டம், இணை தேடுவது, தீனி எல்லாம். இந்த அழகுதான் அதற்கு எமன். வீட்டில் வளர்க்கக் கடத்துகிறார்கள். 2019இல் உலகச் சந்தையில் அதன் வணிக விற்பனைக்கே தடை வந்தது. விமான நிலையங்களில் பிடிபட்ட ஆமைகளைச் சின்னாற்றில் பழக்கிக் காட்டில் விட்டிருக்கிறார்கள். அவற்றை விட வேண்டிய இடமாக ஒரு முட்புதர்க் காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அங்கே பெரிய மரங்களை நட்டு நிழலாக்கிவிட்டால் ஆமைக்கு வேண்டிய புல்லும் வெயிலும் போய்விடும்.

வெள்ளெலி மண்ணுக்குள் ஆழமாக வளை தோண்டுகிறது. வெளியே தரை கால் வைக்க முடியாமல் கொதிக்கும்போது வளைக்குள் குளுமையும் ஈரப்பதமும் இருக்கும். இரவில்தான் வெளியே வரும். கொங்குத் தரிசுகளில் கல்கௌதாரி என்று ஒரு பறவை. ஆண் பறவை தூரத்துக் குட்டையில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு பறந்து வரும். குஞ்சுகள் அந்த இறகைச் சப்பித் தண்ணீர் குடிக்கும். அந்த வயிற்று இறகின் இழைகள் சுருண்டிருந்து, நனைந்ததும் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும்படி அமைந்திருக்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பிறகு அந்த முதல் மழை. பூமி நனைந்த மறுநாள் தம்பலப்பூச்சிகள் சிவப்பாக ஊர்ந்து வரும், ஈசல் கிளம்பும், மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த தவளைகள் குட்டைகளில் கத்தும். விதைகளும் அப்படித்தான். பல பாலை விதைகளின் தோலில் முளைப்பதைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. லேசான தூறலுக்கு அது கரையாது. நல்ல மழையில் கழுவப்பட்டால்தான் முளைக்கும். முளைத்தால் பூத்துக் காய்த்து முடிக்கும் அளவுக்கு மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று விதை அளந்து பார்த்துக்கொள்கிறது.

சின்னாற்றுக்கே உரிய ஒன்று ஆற்றோரம். பாம்பாறும் சின்னாறும் மேலே மழைக்காட்டிலும் சோலைகளிலும் பிறந்து, இந்த வறண்ட காட்டுக்குள் ஓடி, கூட்டாறில் சேர்ந்து அமராவதியாகத் தமிழ்நாட்டுக்கு வருகின்றன. ஆற்றின் இரு கரையிலும் நீர்மருதும் நாவலும் புங்கனும் ஓங்கிய ஒரு பச்சைக் கோடு. அதற்கு இரண்டடி தள்ளினால் முள். அந்தப் பச்சைக் கோட்டில்தான் சாம்பல் மலை அணில் வாழ்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இருக்கும் இனம். 1988இல் திருவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்ததே இதற்காகத்தான். கேரளத்தில் அது சின்னாற்றில்தான். கிளைக்குக் கிளை தாவித்தான் போகும், அதனால் மரங்கள் மேலே தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆற்றோரம் பத்து மரம் விழுந்தாலே அதன் வழி அறுந்துவிடும். அதே ஆற்றில், அமராவதி அணைவரை, முதலைகளும் இருக்கின்றன. மேலே பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற கொண்டைக்குருவி. தீபகற்ப இந்தியாவின் வறண்ட குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. 1984இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 90 சதுர கிலோமீட்டர் இடத்துக்குள் இத்தனையும்.

இப்போது மரக்கன்று. பாலைவனமாதல் என்பது உண்மையான ஆபத்துதான். 1994இல் ஐ.நா. ஒப்பந்தமே அதற்காக வந்தது. வறண்ட, அரை வறண்ட நிலங்களின் மண் சீர்கெட்டு விளைச்சல் சக்தியை இழப்பதற்குத்தான் அந்தப் பெயர். இஸ்ரோ வெளியிட்ட வரைபடத் தொகுப்பின்படி 2018-19இல் இந்திய நிலப்பரப்பில் 29.77 சதவீதம் ஏதோ ஒரு வகையில் சீர்கெட்டுக்கொண்டிருந்தது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அட்டப்பாடியின் கிழக்குப் பகுதியைப் பாருங்கள். சின்னாற்றைப் போலவே மழைநிழல். அங்கே சரிவுகளில் காட்டை வெட்டி, மேல்மண் மழையில் அடித்துப்போய், வெறும் சரளை மிஞ்சியது. 1990களின் நடுவில் ஜப்பானிய நிதியுதவியோடு பெரிய மீட்புத் திட்டமே தேவைப்பட்டது. அங்கே மண்ணைப் பிடித்து நிறுத்த நட்டது சரி. இரண்டு இடமும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியலாம். குனிந்து தரையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: சின்னாற்றில் பாறைக்கு நடுவில் புல் வேர் மண்ணைப் பிடித்திருக்கும், கறையான் புற்று இருக்கும், மண்மேல் கருத்த மெல்லிய படலம் இருக்கும். அந்தப் படலம் நீலப்பச்சைப் பாசியும் பிற நுண்ணுயிர்களும் சேர்ந்து நெய்தது. காற்றும் மழையும் மண்ணைத் தூக்கிப் போகாமல் காப்பது அதுதான். குழி வெட்டினால் முதலில் போவது அது.

நல்ல எண்ணத்தோடு நட்டதெல்லாம் நன்மையாக முடிந்ததில்லை என்பதற்கு நம் கண்ணெதிரே உதாரணங்கள் இருக்கின்றன. வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் விறகுக்கும் என்று 1870களில் கடப்பைப் பக்கம் வந்த சீமைக்கருவேலம் இன்று தமிழ்நாடெங்கும் கண்மாயையும் தரிசையும் அடைத்து நிற்கிறது. மறையூருக்குப் பக்கத்து வட்டவடையிலும் காந்தளூரிலும் வைத்த கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரங்களால் ஊற்று வற்றியது என்று விவசாயிகள் பல வருடமாகச் சொல்லி, அவற்றை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கை அரசு வரை போனது. வேகமாக வளரும் மரம் வேகமாக நீரையும் இழுக்கும். 500 மி.மீ. மழைக் காட்டின் கணக்கில் அதற்கு இடமில்லை.

செய்ய வேண்டுமென்றால் வேலை இருக்கிறது. உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் புல்லை விரட்டுகின்றன. வனத்துறை ஆட்களோடு சேர்ந்து அவற்றைப் பிடுங்கலாம். கோடையில் ஒரு பீடித் துண்டு போதும் இந்தக் காடு எரிய. தீத்தடுப்புக் கோடு வெட்டும் பருவத்தில் கை கொடுக்கலாம். உங்கள் ஊரிலேயே வேலை செய்வதானால், கிளுவை வேலியையும் பனையையும் காப்பாற்றுங்கள், வீட்டோரத்தில் வன்னியும் உசிலும் வையுங்கள். சின்னாற்றுக்குள் இருக்கும் தாயண்ணன்குடியில் முதுவர் பழங்குடியினர் கைவிட்டுப்போன பழைய கேழ்வரகு ரகங்களைத் தேடி மறுபடி பயிரிட்டிருக்கிறார்கள். குடிகளில், அதாவது பழங்குடியினர் ஊர்களில், தைலப்புல்லை வாட்டி எண்ணெய் எடுக்கிறார்கள். குறைந்த மழையில் என்ன விளையும் என்று அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அதுதான்.

நேரில் பார்க்க வருவதென்றால் ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒரு தடவை, மாசி பங்குனியில் ஒரு தடவை என்று இரண்டு முறை வாருங்கள். ஒரே இடம் என்று நம்ப முடியாது. கோடையில் தீ அபாயத்தால் நடைபாதைகளை மூடியிருக்கலாம், முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். யானை நடமாட்டம் உள்ள சாலை, வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. செக்போஸ்ட்டில் குடியைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரோடுதான் உள்ளே நடக்க முடியும், அவரைப் பேச விடுங்கள். கள்ளியை ஒடித்துப் பார்க்க வேண்டாம். பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கலாம். தவறிப் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.